மேல் எந்தப் பக்கம்?

ஏப்ரல் 9, காலை 8.10
ஆல்ப்ஸ் மலை, ஆய்வுச் சுரங்கத்தின் கடைசி அறை. இதற்கு மேலே ஒரு சுரங்கம், கீழே ஒரு சுரங்கம். எழுதுவது நிலவியலாளர் வேதவல்லி. பாறை: ஃபிளிஷ். ஆழ்கடலில் மண் சரிந்து சரிந்து படிந்த அடுக்குகள். கண்டங்கள் மோதியபோது மொத்தப் படிவும் பாயைப் போல இழுபட்டு இங்கே வந்து கிடக்கிறது.

சுவரில் ஒரு வளை. மண் மூடும்போதெல்லாம் ஏதோ ஒரு பிராணி மேலே துளைத்து ஏறியிருக்கிறது. தரையருகே வளை என் தோள் அகலம், கூரையருகே விரல் அகலம். ஏற ஏற மெலிந்து செத்திருக்கிறது, பாவம். ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய சாவுக்கு நான் வருத்தப்படுகிறேன், வேறு வேலை இல்லாமல்.

மதியம் 1.40
பின்னால் பாதை இடிந்துவிட்டது. எனக்கு அடி இல்லை. வாசலில் இருந்த என் உதவியாளன் நிரோஷன் வாக்கிடாக்கியில் வந்தான். பெர்னில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"பயப்பிடாதேங்கோ அக்கா. நான் வாறன். மேல் சுரங்கத்தாலயோ, கீழ் சுரங்கத்தாலயோ?"

கீழே வா என்றேன். வளை அங்கே அகலம், அதன் வழியே சீக்கிரம் இந்த அறைக்குத் துளைத்துவிடலாம்.

மாலை 4.25
சும்மா இருக்க முடியாமல் சுவரை லென்ஸில் பார்த்தேன். கடலில் சரிந்த மண்ணில் பருமணல் அடியில் தங்கும், நுண்மண் மேலே படியும். இங்கே ஒவ்வோர் அடுக்கிலும் பருமணல் மேலே இருக்கிறது. மலை மடிந்து தலைகீழாகப் புரண்டிருக்கிறது. அடுக்கைப் படிக்குமுன் தலைப்பக்கம் எது என்று பார் என மாணவர்களைத் திட்டுகிற நானே கோட்டை விட்டேன்.

அப்படியானால் அந்தப் பிராணி கூரைப் பக்கம் பிறந்தது. தரையை நோக்கிப் போகப் போகப் பருத்திருக்கிறது, மெலிந்து சாகவே இல்லை. மலை புரண்டது அதற்குத் தெரியாது. கடலை நோக்கி மேலே ஏறுவதாக நினைத்துக் கீழே கீழே போகிறது.

வளைக்குள் கையை விட்டேன். ஈரம். வெதுவெதுப்பு.

மாலை 4.50
"நிரோஷன், கீழே வராதே. திரும்பிப் போ." திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இரைச்சல்தான் வருகிறது. நான்தானே அவனை அங்கே அனுப்பினேன்.

5.15
"அக்கா, கீழ வந்திட்டன். ஓட்டை தெரியுது. உள்ளுக்க என்னவோ அசை—"
அதோடு நின்றுவிட்டது.

நேரம் பார்க்கவில்லை
நிரோஷன் குரல். வாக்கிடாக்கியில் இல்லை, வளைக்குள்.

"அக்கா, மேல எந்தப் பக்கம்?"

சுரங்கத்தில் நிற்கிறவனுக்கு மேல் எது என்று தெரியும். கேட்பது அவன் இல்லை, அது; வழி தெரிந்தால் மேலே வந்துவிடும். இதைக் கண்டெடுப்பவரே, யார் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி கேட்கிறது. அழுகிறது. விளக்கு போய், அடிபட்டு, திசை தெரியாமல் கிடக்கிற நிரோஷனாகவே இருந்தால்?

இந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.