போட்டியில் கேட்ட குரல்

அன்புள்ள அப்பாவுக்கு, கிங்ஸ்டனிலிருந்து கெமார். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சனிக்கிழமை டெவானின் சவுண்ட் செட்டோடு என் செட்டுக்குப் போட்டி. கடைசியாக அவன் போட்ட பாட்டில், "புட்டஸ் செத்தான், பெட்டியை மூடுங்கடா" என்று பாடியது உங்கள் குரல்.

"பெத்தவரே குழி வெட்டிட்டாரு, வீட்டுக்குப் போடா!" என்று டெவான் மைக்கில் கத்தினான். கூட்டம் பாராட்டாகச் சுவரைத் தட்டிச் சிரித்தது.

இந்தக் கால டான்ஸ்ஹால் இசை வெறும் தகரச் சத்தம் என்பீர்கள். அந்தத் தாளத்திலேயே என்னைப் புதைத்துவிட்டீர்கள். எந்த செட்காரன் கேட்டாலும் எதிராளியை மட்டம்தட்டிப் பாடிக்கொடுப்பீர்கள், தெரியும். ஆனால் புட்டஸ் என்ற செல்லப் பெயர் நம் வீட்டைத் தாண்டி எவருக்கும் தெரியாதே, அப்பா.

அம்மாவிடம் ஒரு பாட்டில் மிளகாய்ச் சாறு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை.

வண்டி வந்துவிட்டது. பாட்டு பிரமாதம். நானும் சுவரைத் தட்டினேன்.

புட்டஸ்