பரோசாவில் நனைந்த சட்டை

ஹோர்சன்ஸ், டென்மார்க்,
பங்குனி, ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன் டிலுக்சனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் கை கால் குறையாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டோம், தாய்வானில் நீயும் அப்படியே முழுசாக இருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெல்பேர்ணிலிருந்து உன் கிளோறியா மாமி எப்படியும் சொல்லத்தான் போகிறா, அவ சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துத்தான் வந்து சேரும். அவுஸ்திரேலியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், இந்த வயதில், உன் அம்மா குடிவெறியில் ஒரு வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டிப்பிடித்து, என்ரை ராசா என்று ஊரைக் கூட்டி அழுதிருக்கிறாள். இதைப் போனில் சொன்னால் நீ ஸ்லப் ஏ, மோர், பதறாதே அம்மா என்று டேனிஷில் சொல்லி வைத்துவிடுவாய். எஸ்பியர்க்கில் இருக்கிற ஆனந்தராஜா அண்ணையின் மகன் சுபாங்கன் உங்கள் கம்பனிக்கே வேலைக்கு வருகிறானாம், அதனால் மிளகாய்த்தூள் பொதியோடு இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சிட்னியில் வெயில் மண்டையைப் பிளந்தது. உன் அப்பாவோ ஹோர்சன்ஸ் குளிர் ஜக்கெற்றைக் கழற்றமாட்டேன் என்று நின்றார், பாஸ்போட் அதன் உள்பொக்கற்றுக்குள் இருக்கிறதாம். மான்லிக்குப் போகிற கப்பலில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றான், நீ கடலில் வேலைக்குப் போடுகிற அதே செம்மஞ்சள் ஜக்கெற், அது நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற சனமெல்லாம் காய்ந்துபோய் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணவில்லை, நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் கிடந்தது. கப்பலெண்டால் தண்ணி கிடக்கும்தானே, உனக்கென்ன விசரே என்றார் அப்பா. நானும் பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன். மெல்பேர்ணில் மாமியின் புதுக் குசினி அரண்மனை மாதிரி, ஆனால் அதில் அடுப்பு மூட்ட விடமாட்டா, மீன் பொரிப்பது முழுக்க கராஜுக்குள்தான், அந்தக் கதையை நீ வரும்போது நடித்தே காட்டுகிறேன். அங்கே ட்ராமில் எங்களுக்குச் சற்று முன்னால் அதே ஜக்கெற் இருந்தது. இந்த முறை வலது காது தெரிந்தது. சின்னதில் நீ சைக்கிளோடு வேலிக்குள் விழுந்து கிழித்து, தையல் போட்ட அதே காது. நான் எழும்பிப் போகவில்லை மகன். போனால் முகத்தைத் திருப்பிவிடுவானோ என்று பயந்துபோய், மாமி சொன்ன மரக்கறி விலைகளுக்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

பிறகு அடிலெய்ட்டிலிருந்து வாடகைக் காரில் பரோசாவுக்குப் போனோம், மாமியும் தொற்றிக்கொண்டா. கண் போகிற தூரத்துக்குத் திராட்சை, பறவை கொத்தாமல் நீளநீளமாக வெள்ளை வலை போட்டு மூடியிருக்கிறார்கள், ஒரு குருவிச் சத்தமில்லை. உள்ளே ருசி பார்க்கச் சொல்லி வைனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தந்தார்கள். ருசி பார்த்ததைத் துப்புவதற்கென்று ஒரு வாளி வேறு. ஒருவர் ஊற்றித் தந்ததை அவர் முகத்துக்கு முன்னாலேயே துப்புவதா, என்னை அப்படியா வளர்த்தார்கள், எல்லாவற்றையும் மரியாதையாகக் குடித்து முடித்தேன். அவ்வளவும் தேனாக இனித்தது, இதையா இந்த ஆம்பிளைகள் முகத்தைச் சுளித்துக் குடிக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். உன் அப்பா ஊற்றுகிற பெட்டையின் காதில் ஏதோ குசுகுசுத்தார், கழிப்பறை கேட்கிறார் என்று நான் கண்டுகொள்ளவில்லை. காற்று வாங்க வெளியே வந்தேன். வலைக்கு அந்தப் பக்கம் செம்மஞ்சளாக ஒன்று நடந்தது. நான் நடக்க அதுவும் நடந்தது, நான் நிற்க அதுவும் நின்றது. பிறகு, அம்மா என்றது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து நீ என்னை டேனிஷில் மோர் என்றுதானே கூப்பிடுகிறாய். அம்மா, குளிருது என்றது, அந்தக் கொதிக்கிற வெயிலில். வரிசை முடியுமட்டும் ஓடி, அந்தப் பக்கம் வளைந்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டிப்பிடித்தேன். திறந்து பார்த்தால் செந்தாடி வைத்த ஒரு வேலைக்காரப் பொடியன், நீலச் சேட், கையில் கத்தரிக்கோல். பாவம், என் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றான், அந்த வரிசையில் தன்னைத் தவிர ஒருவருமில்லை என்றான். அதற்குள் மாமி படமே எடுத்துவிட்டா. அவன் சேட் காய்ந்திருந்தது, என் சட்டையின் முன்பக்கம் பிழியலாம் போல நனைந்திருந்தது. விரலை நக்கிப் பார்த்தேன், உப்பு. கண்ணீரும் உப்புத்தானப்பா என்றார் உன் அப்பா. ஓம், ஆனால் நான் என்ன, கண்ணீரை வாளியிலா வைத்திருக்கிறேன்?

சரி, எல்லாம் வைன் செய்த வேலை. இன்றைக்குப் பூசை முடிந்து வரும்போது சனம் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தது, மாமியின் படம் எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது போல. சிரிக்கட்டும். வெறிகாரி என்று பெயர் எடுப்பது எனக்கு நிம்மதி, மற்றதை நினைக்கத் தேவையில்லை பார். ஆனாலும் ஒன்று. கடல் அடங்கியதும் சித்திரையில் நீ திரும்பவும் கடலுக்குள் நட்டு வைத்திருக்கிற அந்தக் கரண்ட் காற்றாடிகளுக்குப் போகிறாய். படகிலிருந்து ஏணிக்குத் தாவுகிற இடத்தில் இடுப்பில் ஒரு கொளுக்கி மாட்ட வேண்டும், அவசரத்தில் சில பொடியங்கள் மாட்டாமலே தாவுகிறவங்கள் என்று போன நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது நீதான் சொன்னாய். அந்தச் சில பொடியங்களில் நீயும் ஒருவனா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மாட்டு ராசா. வெறிகாரி உளறுகிறாள் என்று நினைத்தாவது மாட்டு.

மடு மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மிளகாய்த்தூளில் ஈரம் படவிடாதே. முதல் நாள் படகில் ஏறுமுன் ஒரு கோல் எடு, டேனிஷிலேயே கதை, பரவாயில்லை.

உன் வெறிகார அம்மா,
பவளராணி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அப்பா இதை வாசித்தார். சிரிக்கவில்லை. என் பிரஷர் குளிசையோடு வைன் கூடாதென்று, அன்றைக்கு அந்தப் பெட்டையிடம் சொல்லி எனக்கு முழுக்கத் திராட்சைச் சாறுதான் ஊற்ற வைத்தாராம்.