ஆணியில் தொங்கிய ரெகுலேட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் இழுப்பு எப்படி இருக்கிறது? மருந்தை வேளை தவறாமல் எடுக்கிறாயா?

கடலில் முங்குபவர்கள் வாயில் கவ்வி மூச்சு விடும் ரெகுலேட்டரைச் சோதிப்பதுதான் என் வேலை என்று சொன்னேன் அல்லவா? அதைச் சிலிண்டரில் மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வால்வைத் திறக்க வேண்டும். காற்றழுத்தம் காட்டும் மீட்டரின் கண்ணாடி தெறித்தாலும் தெறிக்கும். நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே, முள் ஏறுவதைப் பார்த்தபடியே திறப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை அப்படித் திறக்கும்போது, பின்னால் ஆணியில் தொங்கிய பழைய ரெகுலேட்டர் மூச்சு விட்டது. இழுத்து இழுத்து, கடைசியில் மெல்லிய விசிலோடு, அச்சு அசல் உன் இழுப்பு மாதிரியே. திரும்பிப் பார்த்தேன். அதே நொடியில் கண்ணாடி வெடித்தது. காதோரம் சின்னக் கீறல்தான், பயப்படாதே.

“அந்தப் பழசுல காத்து கசியுதுண்ணே,” என்றேன் மேஸ்திரியிடம்.

“எதுலயும் மாட்டாம தொங்குறதுல காத்து எங்கேர்ந்துடா வரும்?” என்றார்.

உன் பழைய நூல்சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு, கருவி துடைக்க. மேஸ்திரி கூப்பிடுகிறார், போகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை உனக்கு இழுப்பு வந்ததா? மறைக்காமல் எழுது.

உன் சின்னவன்