கேண்டீன் கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து ஊர்க் கோடியில் இருக்கும் ஹெப்பகோடிக்கு இரண்டு பஸ். பையில் குடை, தயிர் சாதம், பென் டிரைவ்.

வேலை: ஒரு ஃபேக்டரி கேண்டீன். கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு, பிறகு தட்டு. பழைய சாஃப்ட்வேர் படுத்துவிட்டதால் நாங்கள் எழுதிய புதியதைப் போட வேண்டும். அதுவரை கேண்டீன் சூப்பர்வைசர் சரோஜாக்கா கையால் டோக்கன் எழுதிக் கொடுக்கிறார். கியூ கை கழுவும் இடத்தைத் தாண்டி வெளியே நிற்கிறது. சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கொடுக்க மாட்டார்கள். கம்பெனி ரூல். ஆபீஸில் என்றால், எங்கள் புரோகிராமுக்குத் துணையாக வேண்டிய பேக்கேஜ்களை (ஊர் பேர் தெரியாத யாரோ எழுதிப் போட்டவை) அதுவே நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். இங்கே நான்தான் கூலி. எங்கள் புரோகிராமைச் சேமித்து வைக்கும் ஆன்லைன் அலமாரியில், அதாவது ரெபாசிட்டரியில், கோடுடன் இருக்கும் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் டவுன்லோட் செய்துவிட்டேன். எல்லாம் என்றுதான் நினைத்தேன்.

இன்ஸ்டால் பாதியில் நின்றது. பட்டியலில் இல்லாத ஒரு பெயரைக் கேட்டது.

"என்னாமா ஜெனி, இன்னா கேக்குது?"

"இன்னொரு பேக்கேஜ் கேக்குதுக்கா."

"கேட்டா குடுத்துடேன்."

"கைல இல்லக்கா. ஆபீஸ் போய்தான் எடுத்துட்டு வரணும்."

சரோஜாக்காவுக்குச் சிரிப்பு. பிறகு சிரிக்காமல் சொன்னார். ஹெச்.ஆர். ஆசாமி சனிக்கிழமை மதியம் வந்து பார்ப்பாராம். அதற்குள் ஓடாவிட்டால் திங்கள் முதல் கான்ட்ராக்ட் பெண்களுக்குக் கேண்டீன் இல்லை, பொட்டலம்தான். கணக்கு வைக்க அதுதான் சுலபமாம்.

"பொட்டலம்னா தினம் சித்ரான்னாதான், அந்த எலுமிச்சஞ்சோறு. அதுவும் காலைல கட்னது, ஜில்லுனு."

ஜூன் 9, செவ்வாய்

ஆபீஸ். வெயில். அல்சூர் ஏரி நாற்றம் ஜன்னல் வழியே.

முதலாளி பிரகாஷ் சார் கன்னடத்தில், முடிந்ததா என்று: "ஆயிதா?"

"ஆக்லில்ல சார்." முடியவில்லை.

தப்பு புரிந்தது. கல்யாணம் மாதிரிதான், பட்டியலில் இருப்பவர்கள் நாம் பத்திரிகை வைத்தவர்கள் மட்டும். அவரவர் குடும்பத்தோடு வருவார்கள் என்பதை மறந்துவிட்டேன். தேதியை எழுதிக் காட்ட ஒரு பேக்கேஜ். அதற்கு ஒத்தாசையாக ஒன்று. அந்த ஒத்தாசைக்கு ஒத்தாசையாக வேறொன்று. நாள் முழுக்க இதே பிழைப்பு. சாயங்காலம் வண்டி வண்டியாக டவுன்லோட் ஆகிக் கிடந்தது. இனி யாரும் பாக்கியில்லை.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, என் புருஷன் ஸ்டீபனுக்கு ரெயின்கோட்.

ஜூன் 10, புதன்

மறுபடியும் ஹெப்பகோடி. மறுபடியும் ஊற்றிக்கொண்டது.

எல்லாம் இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. ஒரே பேக்கேஜ் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறு வேறு வடிவில் கிடைக்கும். டவுன்லோட் செய்யும்போது அது என் லேப்டாப் எந்த வகை என்று பார்த்து அதற்கு ஏற்றதைக் கொடுத்திருக்கிறது. என் லேப்டாப் புதுசு, வேறு ஜாதி. கேண்டீனில் இருப்பது விண்டோஸ் போட்ட கிழம். பக்கத்து வீட்டுக்காரியின் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து எனக்குத் தைக்கச் சொன்ன மாதிரி. எட்டு வருட அனுபவம் எனக்கு! தூ.

மதியம் நானும் கியூவில் நின்று பார்த்தேன். இடைவேளை முடியும் மணி அடித்தபோது எனக்குப் பின்னால் இன்னும் பத்திருபது பெண்கள். ஆளுக்கொரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வேலை லைனுக்கு ஓடினார்கள். ஒருத்திகூட என்னைத் திட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

கேட்டில் செக்யூரிட்டி: "மேடம், டெய்லி வர்றீங்க. ஒரே அடியா மன்த்லி பாஸ் போட்டுடவா?"

கொழுப்பு.

ஜூன் 11, வியாழன்

பஸ்ஸில் யோசித்தது: என் லேப்டாப்பை நம்பியதுதான் தப்பு. எப்போதோ டவுன்லோட் செய்ததையெல்லாம் அது உள்ளே பதுக்கி வைத்திருக்கிறது. எது இல்லை என்று எனக்கு ஒருநாளும் சொல்லாது. எதுவுமே இல்லாத, நெட்டும் இல்லாத ஒன்றில்தான் பார்க்க வேண்டும்.

ஆபீஸ் ஸ்டோர் ரூமில் கேண்டீன் கிழத்துக்கு ஒரு தம்பி கிடைத்தது. அதே விண்டோஸ், மேலே ஒட்டடை. துடைத்து, உள்ளேயும் எல்லாவற்றையும் அழித்து, நெட் கேபிளைப் பிடுங்கினேன். அதே வகைக்கான பேக்கேஜ்கள்தான் வேண்டும் என்று கேட்டு என் லேப்டாப்பில் டவுன்லோட் செய்து, பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டாலை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வந்தால், முடிந்துவிட்டது! ஒரு கேள்வி கேட்கவில்லை. சத்தமாகவே "ஹைய்யா" என்றேன். பிரகாஷ் சார் எட்டிப் பார்த்தார்.

"கேபிள் கழண்டு கெடந்துச்சு ஜெனி. நான்தான் சொருகிட்டேன்."

மனிதர் முகத்தில் அப்படியொரு பெருமை. என்ன சொல்வது? முதலாளி. தேங்க்ஸ் சொன்னேன். நெட் இருந்தால் குறைவதை அதுவே இழுத்துக்கொள்ளும், பார்த்ததெல்லாம் வீண். பிறகு திரும்பப் பிடுங்கி, திரும்ப அழித்து, முதலிலிருந்து. இந்தத் தடவை கேபிளைச் சுருட்டி என் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.

நல்ல வேளை. நெட் இல்லாமல் ஓட்டியபோது இன்னும் இரண்டு பேக்கேஜ் விட்டுப்போனது தெரிந்தது. கார்டைக் காட்டினால் திரையில் வரும் கன்னடப் பெயர்களெல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்துருவையும் ஒவ்வொரு தடவையும் நெட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது, கமுக்கமாக.

ஜூன் 12, வெள்ளி

நல்ல மழை. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து, தம்பி கம்ப்யூட்டரில் மூன்று முறை அழித்து மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஓடியது.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ரெபாசிட்டரியில் இந்த வெர்ஷனுக்குப் பக்கத்திலேயே ஏற்றிவிட்டேன். இனி யார் போனாலும் அந்த ஒரு மூட்டையை டவுன்லோட் செய்தால் போதும். இதை முதல் நாளே செய்திருக்கலாம். சரி.

பென் டிரைவை பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன். இன்னொன்றிலும் காப்பி. ஸ்டீபன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தாலிச்செயினைக்கூட நீ இப்படிப் பாத்துக்கிட்டதில்ல."

ராத்திரி ஜெபத்தில் விண்டோஸ் பெயரையும் சேர்த்தேன். அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 13, சனி

ஹெப்பகோடி. மேகம், மழை இல்லை. பதினொன்றரைக்கு இன்ஸ்டால் ஆரம்பம். பக்கத்தில் சரோஜாக்கா, கையில் டோக்கன் கட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று.

கம்ப்யூட்டர் ஒன்றுமே கேட்கவில்லை.

"இன்னாமா, சும்மா இருக்குது?"

"சும்மா இருந்தா நல்லதுக்கா."

சாப்பாட்டு மணி அடித்தது. முதல் கார்டு. பச்சை. கன்னடத்தில் பெயர், கட்டமில்லாமல், கொம்பு சுழியெல்லாம் சரியாக. இரண்டாவது பச்சை. அப்புறம் நான் பார்ப்பதை விட்டுவிட்டேன், கியூ அவ்வளவு வேகம். யாரும் விளக்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் சாம்பார் மேல்.

ஹெச்.ஆர். ஆசாமி கையில் டீயோடு சுவரோரம் நின்றிருந்தார். போகும்போது சரோஜாக்காவிடம், பொட்டல ஆர்டரைக் கேன்சல் செய்துவிடுகிறேன் என்றார். என்னைத் தாண்டி நடந்து போனார். இருக்கட்டும். சரோஜாக்கா டோக்கன் கட்டைக் குப்பையில் போட்டுவிட்டு எனக்கு இரண்டு அப்பளம் வைத்தார்.

எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கான்ட்ராக்ட் பேட்ஜ். கியூவில் கடைசியாக நின்றவள். பரபரவென்று அள்ளிப் போட்டுக்கொண்டாள், தட்டைக் காலி செய்தாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு என்னிடம்:

"இன்னும் டைம் இருக்குதுக்கா. என்ன பண்றதுன்னே தெர்ல."