எண்ணெய் போன வழி

1966 ஜூலை 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சயான் ரோட்டில் முழங்கால் தண்ணீர். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். யூனிபார்ம் பேண்ட் பகல் முழுதும் காயவில்லை.

வண்டி இன்றும் அடித்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி. முதலாளி வைத்தியநாதன் சாரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. (இனி வை. சார். முழுப் பெயர் எழுத மை வீண்.)

"என்னப்பா, கட்டைவண்டி ஓட்டற மாதிரி ஓட்டறே?"

கியரை மாற்றியது நான் இல்லை. தானே மாற்றிக்கொள்ளும் வண்டி, கிளட்சே கிடையாது. செம்பூரில் அவர் கம்பெனியில் இருந்த அமெரிக்கர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. கூடவே இங்கிலீஷில் ஒரு கையேடு, ஒரு பெட்டி கியர் ஆயில் டின். சிவப்பு எண்ணெய். கடையில் கேட்டால் முழிக்கிறார்கள்.

சாயந்திரம் சார் வீட்டு மாமியை அவர் அக்கா வீட்டில் விடப் போனபோது தாதர் பாலத்தில் இன்னொரு கூத்து. ஏறுகிறோம், எஞ்சின் அலறுகிறது, கியர் வழுக்குகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ்காரன் வாய்க்கு வந்தபடி.

பார்த்து வைத்தது:
– குளிர்ந்த வண்டி: அடி உண்டு. வழுக்கல் இல்லை.
– சூடான வண்டி: இரண்டும் உண்டு.
– கியர் ஆயில்: அளவுக் கம்பியில் குறிக்குக் கீழே. போன திங்கள்தான் ஒரு டின் ஊற்றினேன்.

மாமியிடம் இன்னொரு டின் கேட்டேன். வை. சார் உள்ளேயிருந்து, "வாரா வாரம் எதுக்கு? முதல்ல மிஸ்திரிகிட்ட காட்டு." சரி.

ஜூலை 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் கராஜ். வை. சாரும் கூட வந்தார்.

மெக்கானிக் மிஸ்திரி எஞ்சினை அணைக்கச் சொன்னார். கம்பியை உருவி, துடைத்து, விட்டுப் பார்த்தார். "தேல் தோ ஃபுல் ஹை, சாப்."

எண்ணெய் நிறைய இருக்கிறதாம். எஞ்சின் ஆயிலை அப்படித்தான் பார்ப்பது, ஊரெல்லாம் அப்படித்தான். ஆனால் இது கியர் ஆயில். கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும். அணைத்தால் மேலே சுற்றுகிற எண்ணெய் கீழே இறங்கிவிடும். குறைந்திருந்தாலும் நிறைந்ததாகக் காட்டும். மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்து, அகராதியும் கையுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தது. சும்மா சொல்லவில்லை.

சொன்னேன். மிஸ்திரி சிரித்தார். முப்பது வருஷமாக வண்டி பிரிக்கிறாராம், டிரைவர் பாடம் நடத்துகிறானாம். எல்லாம் இந்தியில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

அவர் தீர்ப்பு: கியர்பாக்ஸை இறக்க வேண்டும். உள்ளே பிளேட் தேய்ந்துவிட்டது. சாமான் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், ஆறு மாதம். காரணம், டிரைவர் இரண்டு காலாலும் ஓட்டுகிறான்.

இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதல் மாதம் தவித்தது உண்மை. அது போன வருஷக் கதை.

கடைசியாக மிஸ்திரி வை. சாரின் காதோடு ஏதோ சொன்னார். வை. சார் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஜூலை 6, புதன்

எழுத்துக் கோணல். இருக்கட்டும்.

செம்பூரிலிருந்து வந்து இறங்கியதும் கட்டடத்து முற்றத்தில் வைத்தே கேட்டார். மற்ற வீட்டு டிரைவர்கள் மூன்று பேர், வாட்ச்மேன், எல்லோரும் நிற்கிறார்கள்.

"ஆறு டின் ஆயில் எங்கேப்பா போச்சு? உள்ளே ஃபுல்லா இருக்குங்கறான். தரையில ஒரு சொட்டு இல்லை. வித்துட்டியா?"

"விக்கிறவன் உங்க வீட்டு வாசல்ல நின்னு வாரா வாரம் கேட்டு வாங்குவானா சார்?"

"எதிர்த்துப் பேசாதே. இந்த மாசத்தோட நின்னுக்கோ. போலீஸுக்குப் போகாம விடறேனே, அதுவே பெரிசு."

அதுவரை தமிழ். அப்புறம் வாட்ச்மேன் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தையை மட்டும் இந்தியில் சொன்னார். "சோர் ஹை." நான் திருடனாம். கேட்டில் என் மேல் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எட்டு வருஷம். அவருடைய மகள் கல்யாணத்தில் மூன்று நாள் தூங்காமல் ஓட்டியவன் நான். திருடன் பெயரோடு வெளியே போனால் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சேர்ப்பார்களா, செம்பூரில் சேர்ப்பார்களா? டிரைவர் வேலை வாய் வழியாக வருவது. வாய் வழியாகவே போகும்.

"நிக்க மாட்டேன் சார். எண்ணெய் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சு உங்க கையில குடுத்துட்டுதான் மத்த பேச்சு" என்றேன். குரல் உடையவில்லை. அதுவரைக்கும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அவுக பெரிய ஆளுக. மல்லுக்கு நிக்காதிய."

நிற்பேன்.

ஜூலை 7, வியாழன்

மழை. காலையில் மாமி பரணிலிருந்து ஒரு டின்னை எடுத்துக் கையில் கொடுத்தார். "இது எங்கே போறதுன்னு எனக்கும் தெரியணும்" என்றார். இந்த வீட்டில் ஒரு ஆளுக்காவது மூளை இருக்கிறது.

மாமி பார்க்கவே ஊற்றினேன். எஞ்சின் ஓட, சூடாக இருக்க, கம்பியில் சரியாக மேல் குறி. வழுக்கல் நின்றது. அடி நிற்கவில்லை.

ஆக வழுக்கலுக்கு எண்ணெய்க் குறைவு காரணம். அடிக்கு வேறு காரணம். அல்லது இரண்டுக்கும் சேர்த்து ஒன்று.

சாயந்திரம் ஷெட்டில் வண்டிக்கு அடியில் என் வெள்ளை வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். ராத்திரி வீட்டில் எஸ்தருக்குக் கோபம். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கெட்டுத வேட்டிதான் கெடச்சுதா?" வேறு வெள்ளைத் துணி இல்லை.

ஜூலை 8, வெள்ளி

வேட்டியில் ஒரு சொட்டு இல்லை. பூனைக்கால் நாலு தடம், அவ்வளவுதான். மிஸ்திரி சொன்னதில் இது உண்மை: ஒழுக்கு இல்லை. எனக்குச் சாதகம் இல்லாததையும் எழுதி வைக்கிறேன். நான் ஒன்றும் மிஸ்திரி இல்லை.

வேட்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டிலிருந்து வாட்ச்மேன் பக்கத்து வீட்டு டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "இஸ்கா காடி பீடி பீத்தா ஹை." என் வண்டி பீடி குடிக்கிறதாம். கேலிதான். ஆனால் புகை எங்கிருந்து வருகிறது?

பகல் முழுக்கக் கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்து ஓட்டினேன். ஒரு தடவை சைக்கிள்காரனை இடிக்கப் பார்த்தேன். கண்டது: தாதர் பாலத்தில் ஏறும்போது புகை இல்லை. இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் விட்டு, கீழே போய் மறுபடி அழுத்தினால் பின்னால் வெள்ளையாக ஒரு மூட்டை புகை. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும்.

எஞ்சின் ஆயில் ஒரு மாதமாக அப்படியே இருக்கிறது. அப்படியானால் எஞ்சின் எரிப்பது எஞ்சின் ஆயில் இல்லை.

கியர் ஆயில்: நேற்று மேல் குறி, இன்று ஒரு விரற்கடை கீழே.

குடிக்கிறது யார் என்று தெரிந்துவிட்டது. எந்த வழியாக என்று தெரிய வேண்டும்.

ஜூலை 9, சனி

அரை நாள். மழை இல்லை, புழுக்கம். இரண்டு மணிக்கு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

எஞ்சினிலிருந்து மெல்லிசாக ஒரு ரப்பர் டியூப் பின்னால் போகிறது. கியர்பாக்ஸ் பக்கவாட்டில் முகப்பவுடர் டப்பி அளவு ஒரு தகர டப்பியில் முடிகிறது. கையேட்டில் படம் இருக்கிறது. எஞ்சின் காற்றை எவ்வளவு இழுக்கிறது என்று இந்த டப்பி பார்த்து, கியரை மெதுவாகவோ பலமாகவோ மாற்ற வைக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. டியூபில் காற்று மட்டும்தான் போக வேண்டும்.

டியூபை உருவினேன். சிவப்பு எண்ணெய் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது.

டப்பியைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். சவ்வு நன்றாக இருந்தால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை. வாய் நிறைய எண்ணெய். அப்படி ஒரு கசப்பு. சிரித்தேன், படுத்தபடியே தனியாக. வெற்றிலை போட்டவன் மாதிரி வாயெல்லாம் சிவப்பு.

சவ்வு கிழிந்ததால் எப்போதும் முழுப் பலத்தோடு கியர் மாறுகிறது: அடி. அதே கிழிசல் வழியாக எஞ்சின் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடுகிறது: குறைவு, வழுக்கல், புகை. வெளியே எப்படிச் சொட்டும்?

வை. சாரைக் கீழே கூப்பிட்டேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை. டிரைவர்கள் போய்விட்டார்கள், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தான். டியூபை அவர் உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன். எண்ணெய் விழுந்தது. மோந்து பார்த்தார். நான் எல்லாம் சொன்னேன்.

"ஓஹோ" என்றார். "அப்போ அதைச் சரி பண்ணிடு." கையைக் கழுவ மேலே போனார்.

அவ்வளவுதான். ஓஹோ.

ஜூலை 10, ஞாயிறு

கோயில். வேட்டி வெளுத்துக் கட்டியாயிற்று. பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். எஸ்தர் முழங்கையால் இடித்தாள். மன்னிக்கலாம். முதலில் கேட்கட்டும்.

மத்தியானம் குர்லா பழைய சாமான் கிடங்கு. இதே ஜாதி வண்டி ஒன்று நொறுங்கிக் கிடந்தது. டப்பி நல்லபடியாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது. கிடங்குக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஜூலை 11, திங்கள்

தூறல். டப்பி மாட்டி, குறி வரை ஊற்றி, எடுத்தேன். கியர் மாறியது தெரியவே இல்லை. சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தாதர் பாலத்தில் அரை அழுத்தில் ஏறியது. "பழையபடி ஆயிடுத்தே" என்றார் மாமி.

வழியில் கராஜில் நிறுத்தினேன். எஞ்சின் ஓடும்போது கம்பியை உருவிக் காட்டினேன், அணைத்துவிட்டு மறுபடி காட்டினேன். இரண்டு குறிக்கும் இரண்டு விரல் வித்தியாசம். மிஸ்திரி ரொம்ப நேரம் பார்த்தார். பழைய டப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்து எனக்கும் ஒரு டீ சொன்னார். மனுஷன்.

சாயந்திரம் மேலே கூப்பிட்டு வை. சார் சொன்னார்: "நீ நிக்க வேண்டாம். வேலையைப் பாரு."

"கீழ வச்சுத் திருடன்னு சொன்னீங்க சார். கீழ வந்து இல்லைன்னு சொல்லுங்க."

"அதான் வேலை போகலையே. அப்புறம் என்ன?"

"வேலையை நான் கேக்கல சார். சொல்லுத வரைக்கும் வண்டி எடுக்க மாட்டேன்."

மாமி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்தருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 12, செவ்வாய்

எட்டு மணிக்குப் போனேன். வண்டி கழுவினேன், கண்ணாடி துடைத்தேன், சாவி பையில், பக்கத்திலேயே நின்றேன். வை. சார் என்னைப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். சாயந்திரம் ஆறு வரை நின்றேன். கால் வலி.

எஸ்தருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "வேலைதான் இருக்குல்லா, பின்ன என்னத்துக்கு இந்த வீம்பு?" அவள் கேட்பது நியாயம்தான். நாலு வயிறு. ஆனாலும் முடியாது. நாளைக்கு என் பிள்ளைகளை அந்த வாட்ச்மேன் யார் பிள்ளைகள் என்று சொல்வான்?

ஜூலை 13, புதன்

பலத்த மழை. நின்றேன். வை. சார் டாக்ஸி.

பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட்டு என் வண்டியை எடுக்கச் சொன்னாராம். கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டத் தெரியாது சாப் என்றானாம். தெரியும் அவனுக்கு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மாமி டபராவில் காபி அனுப்பினார். இரண்டு நாளாக வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று வேலைக்காரி சொன்னாள்.

பயமாக இருக்கிறது. இதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 14, வியாழன்

வெயில். எட்டே முக்காலுக்கு வை. சார் இறங்கி வந்தார். கையில் பை, குடை இல்லை. டிரைவர்கள் மூன்று பேரும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் ஸ்டூலில்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். "ஞானமுத்து எண்ணெய் எடுக்கலை. நான் சொன்னது தப்பு."

நல்ல தமிழ். அங்கே அது புரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

"இந்தியில சொல்லுங்க சார்."

முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போகவில்லை. வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "இஸ்னே சோரி நஹீ கியா. கல்தி மேரா ஹை." திருடவில்லை, தப்பு என்னுடையது. மெதுவாகச் சொன்னார். ஒருவன் "க்யா?" என்றான். இன்னொரு தடவை, சத்தமாக. வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான்.

பின்கதவைத் திறப்பேன் என்று காத்து நின்றார். நான் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். பயந்துபோய்ப் பார்த்தார்.

"வேலையை விடல சார். நாளைக்கு எட்டு மணிக்கு வாரேன். இன்னிக்கு லீவு."

எட்டு வருஷமாக லீவு கேட்டிருக்கிறேன். இன்று சொன்னேன்.