டீக்கறை படிந்த ஒயின்

ஷாங்காய், மார்ச் 9

அம்மாவுக்கு யூலியென் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இருமல் மருந்தைக் குடிக்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

பயப்படாமல் படி. போன வாரம் என் வேலை போகப் பார்த்தது. எங்கள் முதலாளி கூ ஐயா பழைய பிரெஞ்சு ஒயின் சேர்ப்பவர். அறுபது வருடச் சரக்கு என்று தரகர் பான் ஆறு பாட்டில்கள் கொண்டுவந்தார். என்னைத் துடைக்கச் சொன்னார்கள். ஈரத்துணி பட்டதும் லேபிளின் பழுப்பு துணியில் இறங்கியது. முகர்ந்தேன். நம் மலைத் தேயிலையேதான்!

"ஐயா, இது பழசான கறை இல்லீங்க. டீயில நனைச்சிருக்காங்க."

பான் சிரித்தார். "பாத்திரம் கழுவுறவளுக்கு ஒயினைப் பத்தி என்ன தெரியும்? இவளை முதல்ல வேலையைவிட்டு அனுப்புங்க."

"ஒயின் தெரியாதுங்க. டீ தெரியும். எங்கம்மாகூட பதினஞ்சு வருஷம் தேயிலை காயவெச்சவ நான்."

கூ ஐயா ஒரு பாட்டிலைத் திறக்கப் போனார். பான் பாய்ந்து தடுத்தார். அதிலேயே குட்டு உடைந்தது. ஓடப் பார்த்தவரை வாசலில் காவலாளி பிடித்துவிட்டார்.

பிறகு, பானிடம் முன்பு வாங்கியவற்றையும் துடைத்துப் பார்த்தேன். முப்பது பாட்டில்கள் சாயம் விட்டன. ஐயா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் மக கல்யாணத்துல இதைத்தான் ஊத்தினேன். குடிச்சவன் எல்லாம் ஆஹா ஓஹோன்னான்!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். இனி எந்தப் பாட்டிலும் என்னைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டுமாம். சமையலறையில் என்னை 'நிபுணரே' என்று கூப்பிடுகிறார்கள்!

கடுகுக்கீரை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. உன் பழைய கம்பளிச் சட்டையையும் அனுப்பு. புதிது வேண்டாம். துவைக்கவும் வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், நான்கு பாட்டில்கள் வந்திருக்கின்றனவாம். ஓடுகிறேன்.

உன் மகள்
யூலியென்