குழாய் சொட்டுகிறது, கதவு மூடவில்லை

அன்பு வாலுவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிச் சொல்வது, அதனால்தான் கடிதம். தலையில் ரத்தம் கட்டியதிலிருந்து அவருக்குப் பேர்கள் பிடிபடவில்லை என்பது உனக்குத் தெரியும். நம் ஹார்டுவேர் கடையில் யாராவது கதவுக் கீல் கேட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார், அந்தக் கூச்சத்தில் கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு நான் மட்டும் ஷட்டரைத் திறக்கும்போது அழுகையாக வரும்.

போன தடவை வந்தபோது நீ செய்த வெப்சைட் ஒன்றைக் காட்டினாயே, வாஷிங் மெஷின் ரிப்பேருக்கானது. முதல் பக்கத்தில் பாகங்களின் பேரே இல்லை, ‘தண்ணீர் இறங்கவில்லையா’, ‘சத்தம் போடுகிறதா’ என்றுதான் இருந்தது. வருகிறவருக்குத் தொல்லைதான் தெரியும், பேர் தெரியாது என்றாய். அது என் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை முழுவதையும் கலைத்துப்போட்டு, ‘குழாய் சொட்டுகிறது’, ‘கதவு மூடவில்லை’, ‘சுவரில் மாட்ட வேண்டும்’ என்று பலகை எழுதி, அதற்கு வேண்டியதையெல்லாம் அதனதன் கீழே அடுக்கினேன். புத்தி கெட்டுப்போய் ‘மற்றவை’ என்றும் ஒரு தட்டு வைத்தேன், சாயங்காலத்துக்குள் பாதிக் கடை அதற்குள் போய்விட்டது, சிரிக்காதே. பிளம்பர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு இது கடையா ஆஸ்பத்திரியா என்று கேட்டார்.

சும்மா வந்து உட்காருங்கள் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். நான் ஏணிமேல் இருந்தபோது ஒரு அம்மாள் வந்து, குழாய் ராத்திரியெல்லாம் சொட்டுகிறது, என்ன வாங்குவதென்றே தெரியவில்லை என்றார். அப்பா எழுந்து நேராக அந்தப் பலகைக்குக் கீழே போனார், இரண்டு மூன்று வாஷரைக் கையில் வைத்துப் பார்த்து, சரியானதை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் போனதும் என்னை அண்ணாந்து பார்த்து, “அவங்களுக்கும் பேரு தெரியல பாரு” என்று சொல்லிச் சிரித்தார். நானும் ஏணிமேலிருந்தே சிரித்துவிட்டேன். இப்போதெல்லாம் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொள்கிறார். ‘மற்றவை’ தட்டைக் காலி செய்ததும் அவர்தான், என் வேலையில் குறை கண்டுபிடிப்பதில் பழைய மனுஷன் திரும்பிவிட்டார்.

போனில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. நேற்று உன் போட்டோவை எடுத்துவந்து கல்லாவுக்கு மேலே மாட்டி, கீழே ஒரு பலகை எழுதச் சொன்னார். உன் பேரை எழுதவா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டி, வெகு நேரம் யோசித்து அவரே சொன்னார், நான் எழுதினேன்: ‘இன்னும் வீட்டுக்கு வரவில்லை’.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை வைத்ததெல்லாம் விளங்க வேண்டும். முதுகை வளைத்து உட்காராதே. லீவு கிடைக்கும் தேதியை மறக்காமல் சொல், அந்தப் பலகையை நீயே வந்து கழற்ற வேண்டுமாம், ஸ்க்ரூ டிரைவரை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா